ஏழு நிமிட டாஃபில் மூன்று நிமிடம் எங்கே போகிறது?

துறைக்குப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: பஞ்சை முறுக்கி நூலாக்கும் இயந்திரம் ரிங் ஃப்ரேம். அதில் சுழலும் ஒவ்வொரு தண்டும் ஒரு ஸ்பிண்டில். அதன்மேல் மாட்டிய பாபினில் நூல் சுற்றி நிறைந்தால் அது காப். நிறைந்த காப்புகளை உருவிக் காலி பாபின் மாட்டுவதுதான் டாஃப், அதை இயந்திரமே செய்தால் ஆட்டோ டாஃபர். நூலின் நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு.

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் சூப்பர்வைசராக இருக்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்களிடம் 1,008 ஸ்பிண்டில் கொண்ட 20 ரிங் ஃப்ரேம்கள் இருக்கின்றன. எல்லாமே கை டாஃப். 40 நம்பர் ஹோசியரி நூல் ஓடுகிறது. டாஃப் டீமில் ஆறு பேர். ஒவ்வொரு டாஃபுக்கும் மெஷின் ஏழு நிமிடம் நிற்கிறது. ஸ்டார்ட் செய்தவுடன் எழுபது, எண்பது நூல் அறுந்து போகிறது. ஆளைக் கூட்டாமல் வேகப்படுத்தச் சொல்கிறார்கள். ஆட்டோ டாஃபர் மாட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா?"

முதலில் ஒரு கணக்கு. ஆறு பேர், 1,008 ஸ்பிண்டில். ஆளுக்கு 168. பழகிய கை ஒரு காப்பை உருவி, காலி பாபினைச் சொருக ஒன்றரை நொடி என்று வையுங்கள். 252 நொடி ஆகிறது, அதாவது நாலே கால் நிமிடத்துக்கும் குறைவு. உங்கள் மெஷின் நிற்பதோ ஏழு நிமிடம். மீதி கிட்டத்தட்ட மூன்று நிமிடத்தில் யாருடைய கையும் ஸ்பிண்டிலில் இல்லை. அந்த மூன்று நிமிடத்தைத் தேடிப் பிடியுங்கள். டாஃபர்களை விரட்டி ஒன்றரை நொடியை ஒண்ணேகால் ஆக்கப் பார்த்தால் பாபின் சரியாக உட்காராது, ஸ்டார்ட் அப்பில் இன்னும் இருபது நூல் அறும். விரட்டியதில் மிச்சமான நேரம் அங்கேயே போய்விடும்.

இந்த நேரத்துக்கு என்ன மதிப்பு என்பதையும் பார்த்துவிடுவோம், மேனேஜ்மெண்டிடம் பேச உதவும். ஸ்பிண்டில் வேகம் 18,000, இஞ்சுக்கு 23 முறுக்கு என்று வைத்தால் இழையை வெளியே விடும் ஃப்ரண்ட் ரோலரில் நிமிடத்துக்குச் சுமார் 20 மீட்டர் நூல் வருகிறது. 50 கிராம் காப் நிறைய 170 நிமிடம் ஆகும். நிற்கும் நேரம் ஏழிலிருந்து ஐந்தானால், ஒரு ஃப்ரேமுக்கு ஒரு நாளில் நாலரை கிலோ கூடும். 20 ஃப்ரேமுக்கு 90 கிலோவுக்கு மேல். இதே மில்லில் 20 நம்பர் ஓட்டினால் காப் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலேயே நிறைந்துவிடும். அங்கே ஏழு நிமிட டாஃப் என்பது மொத்த நேரத்தில் ஒன்பது சதவீதத்துக்கு மேல். நம்பர் குறையக் குறைய டாஃப் வேலைக்கு மதிப்பு கூடுகிறது.

சரி, அந்த மூன்று நிமிடம் எங்கே போகிறது? நான் பல மில்களில் ஸ்டாப் வாட்சோடு நின்று பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே கதைதான். ஒரு மில்லில் மெஷின் நின்ற பிறகுதான் ஒரு பெண், காப்பிலிருந்து நூலைக் கோனில் சுற்றும் வைண்டிங் பக்கம் போய்க் காலி பாபின் பெட்டியை இழுத்து வந்தார். பெட்டியில் பாதி பாபினில் பழைய நூல் மிச்சம் இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்கிக்கொண்டே டாஃப் செய்தார்கள். நடுவில் பாபின் தீர்ந்து எதிர்ப் பக்கத்திலிருந்து கடன் வாங்கினார்கள். எல்லாம் முடிந்ததும் மெஷினை ஸ்டார்ட் செய்ய வேண்டியவர் நாலு ஃப்ரேம் தள்ளி வேறு வேலையில் இருந்தார். அந்தப் பெண்களின் கை வேகத்தில் ஒரு குறையும் இல்லை. வேலையை அடுக்கிக் கொடுத்த விதத்தில்தான் குறை.

ஆகவே விதி ஒன்றுதான்: மெஷின் ஓடும்போதே செய்யக்கூடிய எதையும் மெஷின் நின்ற பிறகு செய்யக்கூடாது. டாஃப் தொடங்கும் முன்பே டிராலி அந்த ஃப்ரேமுக்கு வந்து நிற்க வேண்டும். காலி பாபின்கள் எண்ணி, ஒரே திசையில் தலை வைத்து, ஸ்பிண்டில் எண்ணிக்கையைவிடப் பத்து, பதினைந்து கூடுதலாக இருக்க வேண்டும். மிச்ச நூல் உள்ளவை, அடி உடைந்தவை, வேறு நம்பரின் நிறம் கொண்டவை முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டும். இதற்குத் தனி ஆள் தேவையில்லை. இரண்டு டாஃபுக்கு இடைப்பட்ட நேரத்தில் அதே டீம் செய்துவிடலாம்.

இடைப்பட்ட நேரம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். உங்கள் சுற்று, ஓட்டம் 170-ம் டாஃப் ஏழும் சேர்த்து, 177 நிமிடம். 20 ஃப்ரேம். சரியாகப் பிரித்து வைத்திருந்தால் ஒன்பது நிமிடத்துக்கு ஒரு டாஃப்தான் வரும். ஐந்து நிமிடம் டாஃப், நாலு நிமிடம் அடுத்ததற்குத் தயாரிப்பு. ஆறு பேருக்கு இது இறுக்கமான வேலைதான், ஆனால் நடக்கும். ஆனால் நிஜத்தில் இப்படிச் சீராக வருவதில்லை. நம்பர் மாற்றும்போது நாலு ஃப்ரேமை ஒரே நேரத்தில் ஸ்டார்ட் செய்திருப்பார்கள். அன்றிலிருந்து அந்த நாலும் ஜோடி போட்டுக்கொண்டு ஒரே நேரத்தில் நிறையும். ஒன்றை டாஃப் செய்யும்போது மற்ற மூன்றும் காப் நிறைந்து சும்மா நிற்கும். இந்தக் காத்திருப்பு எந்த டாஃப் ரிப்போர்ட்டிலும் வராது. உங்கள் ஏழு நிமிடக் கணக்கில் இது சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சேரவில்லை என்றால் உங்கள் நஷ்டம் நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது.

இதற்கு வைத்தியம் எளிது, பைசா செலவில்லை. ஒட்டிக்கொண்டிருக்கும் ஃப்ரேம்களில் ஒன்றை ஒரே ஒரு தடவை முக்கால் காப்பில் டாஃப் செய்துவிடுங்கள். அடுத்ததை வேறொரு அளவில். சின்ன காப் வைண்டிங்கில் ஓடிவிடும், அன்று ஒரு நாள் அவர்களிடம் முன்பே சொல்லி வைத்தால் போதும். அப்புறம் ஒரு கரும்பலகையில் ஃப்ரேம் எண், அடுத்த டாஃப் நேரம் என்று எழுதித் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு டாஃப் முடிந்ததும் டாஃப் மேஸ்திரியே அழித்து எழுதட்டும். டீமில் உள்ள எல்லாரும் பார்க்கும் இடத்தில் அது இருப்பது முக்கியம். அடுத்து எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்லாமலேயே தெரிந்துவிடும்.

இனி அறுப்புக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது இதுதான். 1,008-ல் 75 என்றால் ஏழு சதவீதத்துக்கு மேல். கை டாஃபில் மூன்று சதவீதத்துக்குள், அதாவது முப்பது நூலுக்குள் கொண்டுவர முடியும் என்பது என் அனுபவம். அறுந்த நூலை சைடர், அதாவது ஃப்ரேமைக் கவனிக்கும் தொழிலாளி, சேர்க்கும் வரை அந்த ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 0.3 கிராம் நல்ல பஞ்சை, அறுந்த இழையை உறிஞ்சிச் சேர்க்கும் நியூமாஃபில் பெட்டிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. 75 நூல், சராசரியாக ஆறு நிமிடம் என்றால் ஒரு டாஃபுக்கு 135 கிராம். 20 ஃப்ரேமுக்கும் சேர்த்து ஒரு நாளில் 20 கிலோவைத் தாண்டும். ரிங் ஃப்ரேம் வரை எல்லாச் செலவும் செய்த பஞ்சு அது.

ஒரு டாஃபை அருகில் நின்று பாருங்கள், பத்து ஸ்பிண்டில் போதும். டாஃபரின் ஒரு கை காப்பின் கழுத்தைப் பிடித்து லேசாகத் திருகி மேலே உருவுகிறது. மறு கை காலி பாபினை இறக்கி, உள்ளங்கையால் ஒரு அழுத்து. 'டக்' என்று ஒரு சின்ன சத்தம் வர வேண்டும். ஸ்பிண்டிலின் அடியில் சுற்றியிருக்கும் இரண்டு, மூன்று சுற்று நூல்தான் டிராவலரில் (ரிங்கின் மேல் ஓடி நூலைப் பாபினுக்கு வழிநடத்தும் சின்னக் கொக்கி) உள்ள முனையைப் பிடித்து வைத்திருக்கிறது. புது பாபின் அதன்மேல் இறங்கி அதைக் கவ்விக்கொள்கிறது. ஸ்டார்ட் ஆனதும் அந்தப் பிடியிலிருந்துதான் நூல் பாபினில் ஏற வேண்டும்.

பெரும்பாலான அறுப்புகள் இந்த அடிச்சுற்றில்தான் பிறக்கின்றன. காப் நிறைந்ததும், ரிங்குகளைத் தாங்கி மேலும் கீழும் போகும் ரிங் ரெயில் டாஃப் நிலைக்கு முழுவதும் இறங்கி, அங்கே ஸ்பிண்டில் சில சுற்று சுற்றி நிற்க வேண்டும். ரெயில் கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டால் சுற்று காப்பின் மேலேயே விழும், காப்போடு சேர்ந்து போய்விடும். சுற்று அதிகமானால் வேறு தொல்லை: நாளாக நாளாக ஸ்பிண்டில் அடியில் நூல் சேர்ந்து மோதிரம் போல ஆகி, பாபின் முழுதாக உட்காராமல் மேலே தூக்கி நிற்கும். ஓடும்போது ஆடும், நூல் அறும், காப்பின் அடி உருவமும் கெடும். மெஷின் நின்றதும் ஃப்ரேமின் ஒரு முனையிலிருந்து குனிந்து பாபின் தலைகளை ஒரே கோட்டில் பாருங்கள். தூக்கி நிற்பவை கண்ணில் குத்தும். அவற்றைக் குறித்துக்கொண்டு அடியைச் சுத்தம் செய்யுங்கள், இரும்பு பிளேடு மட்டும் வேண்டாம், ஸ்பிண்டிலில் கீறல் விழும். ரெயில் நிற்கும் உயரத்தை ஃபிட்டரிடம் சொல்லி இரண்டு பக்கமும், முன், நடு, பின் என்று மூன்று இடத்திலும் அளக்கச் சொல்லுங்கள். நீளமான பழைய ஃப்ரேம்களில் ஒரு முனையில் சரியாகவும் மறு முனையில் சில மில்லிமீட்டர் தள்ளியும் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பாபினை மறக்காதீர்கள். வேறு வேறு வருடம் வாங்கியது, வேறு கம்பெனி, தேய்ந்த உள்துளை எல்லாம் ஒரே ஃப்ரேமில் கலந்து ஓடும். மிச்ச நூலைக் கத்தியால் அறுத்து எடுக்கும் பழக்கம் உள்ள மில்லில் பாபின் உடம்பெல்லாம் கீறலாக இருக்கும். ஒரு ஃப்ரேமுக்கு மட்டும் ஒரே செட் நல்ல பாபினைப் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அறுப்பு எவ்வளவு குறைகிறது என்பதைக் காட்டினால் புது பாபின் கேட்கும்போது யாரும் மறுக்க மாட்டார்கள்.

அடுத்தது ஸ்டார்ட் செய்யும் விதம். மெஷின் நின்றதும் ஃப்ரண்ட் ரோலருக்கும் டிராவலருக்கும் இடையே நூல் தளர்ந்து சுருண்டிருக்கும். பாபினுக்கு மேலே நூலை வழிகாட்டும் லேப்பெட்டை மெல்ல இறக்கி, இன்ச்சிங் கொடுத்து, அதாவது மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, தளர்வை எடுத்த பிறகே முழு வேகத்துக்குப் போக வேண்டும். ரிங் ரெயில் கீழே இருக்கும்போது பலூன், அதாவது சுழலும் நூல் வீங்கி எடுக்கும் வளைவு, மிக நீளம், இழுவையும் அதிகம். மோட்டார் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் உள்ள ஃப்ரேமில் ஆரம்ப வேகத்தை உச்ச வேகத்தில் முக்கால் பங்குக்குக் கிட்ட வைத்து, அடி கட்டி முடியும் வரை படிப்படியாக ஏற்றுங்கள். அந்தச் சில நிமிடம் உற்பத்தி குறைவதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். சைடரும் டாஃபர்களும் அந்த நேரத்தில் அறுந்ததைச் சேர்த்துவிட்டால், உச்ச வேகத்துக்குப் போகும்போது எல்லா ஸ்பிண்டிலும் ஓடும். இப்போது உங்கள் மில்லில் சைடர் ஒருவர் மட்டும் சேர்க்கிறார் என்றால் அதை இன்றே மாற்றலாம்: ஆறு பேரும் ஆளுக்கு 168 ஸ்பிண்டிலை ஒரு நடை பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஃப்ரேமுக்குப் போக வேண்டும். ஓரிரு நிமிடம்தான் ஆகும். மேலே ஓடும் ஓவர்ஹெட் கிளீனர் டாஃப் நேரத்தில் அந்த ஃப்ரேம் மேல் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தளர்ந்து கிடக்கும் நூலை அதன் காற்று பக்கத்து ஸ்பிண்டிலோடு பின்னிவிடும். ஈரப்பதம் 55-லிருந்து 60 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

ஆட்டோ டாஃபர் பற்றி. புது ஃப்ரேம் வாங்குவதாக இருந்தால் ஆட்டோ டாஃபரோடு வாங்குங்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய ஃப்ரேமில் மாட்டுவது வேறு விஷயம். இயந்திரத்தின் பிடிக்குக் கண் கிடையாது. தூக்கி நிற்கும் பாபினை டாஃபரின் கை உணர்ந்து இன்னொரு அழுத்து அழுத்தும், ஆட்டோ டாஃபர் அதை அப்படியே விட்டுவிட்டுப் போகும். ரெயில் நிற்கும் இடம், அடிச்சுற்று, ஒரே அளவு பாபின், நேரான ஸ்பிண்டில் இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் அது வேலை செய்யும். ஆக, மேலே சொன்னவற்றை எப்படியும் செய்தே ஆக வேண்டும். செய்து முடித்து, டாஃப் நேரம் ஐந்து நிமிடமும் அறுப்பு முப்பதும் ஆன பிறகு விலைப்புள்ளி கேளுங்கள். அப்போது கிடைக்கும் லாபம் எவ்வளவு என்பது உண்மையான எண்ணில் தெரியும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1909-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மேக்கன் நகர மில் ஒன்றில் லூயிஸ் ஹைன் எடுத்த புகைப்படம் இருக்கிறது. காலி பாபின் மாட்டவும் அறுந்த நூலைச் சேர்க்கவும் உயரம் எட்டாமல் சின்னப் பையன்கள் ஃப்ரேம் மேலேயே ஏறி நிற்கிறார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து டாஃப் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது செய்பவரின் உடம்புதான். உங்கள் டீமில் ஒருவர் ஒரு எட்டு மணி நேர ஷிப்டில் சுமார் ஒன்பதாயிரம் காப்புகளை மணிக்கட்டைத் திருகி உருவுகிறார். டிராலியின் பாபின் தட்டு இடுப்பு உயரத்தில் இருக்கிறதா, ஒவ்வொரு தடவையும் குனிய வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி ஃப்ரேம் முடிந்ததும் உருவும் கையை மாற்றப் பழக்குங்கள். துப்பட்டாவும் கூந்தலும் தொப்பிக்கும் கோட்டுக்கும் உள்ளே இருக்க வேண்டும். ஸ்டார்ட் பட்டனை ஒரே ஆள்தான் தொட வேண்டும், மணி அடித்து, இரண்டு பக்கமும் எல்லாரும் கை எடுத்துவிட்டார்கள் என்று கண்ணால் பார்த்த பிறகு.

தொடங்க ஒரே ஒரு ஃப்ரேமை எடுத்துக்கொள்ளுங்கள், 20-லும் ஒரே நாளில் வேண்டாம். ஒவ்வொரு டாஃபுக்கும் நாலு எண் எழுதுங்கள்: காப் நிறைந்த பிறகு எத்தனை நிமிடம் காத்திருந்தது, எத்தனை நிமிடம் நின்றது, ஸ்டார்ட் ஆனதும் எத்தனை அறுந்தது, எந்தெந்த ஸ்பிண்டிலில். கடைசி எண்ணைத் தவறவிடாதீர்கள். ஒரு வாரத்தில் அதே ஸ்பிண்டில்கள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அந்தத் தாளை ஃபிட்டர் கையில் கொடுங்கள்.