பேண்ட் பொருத்திய பிறகு கெட்டி உணவு: கஞ்சியிலேயே நின்றுவிடாதீர்கள்

மெல்போர்னில் வசிக்கும் 44 வயது வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “எடை குறைக்க இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி வளையம்போல் பேண்ட் பொருத்தி நான்கு வாரம் ஆகப்போகிறது. இரண்டு வாரம் திரவம், இப்போது மசித்த உணவு. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் மசித்த உருளைக்கிழங்கு, சூப், டின் மீன் என்றுதான் இருக்கிறது, நம் சாப்பாடு எதுவும் இல்லை. அம்மா தஞ்சாவூரிலிருந்து உதவிக்கு வந்திருக்கிறார். போன வாரம் ஆசைப்பட்டு இட்லியில் இரண்டு வாய் சாப்பிட்டேன், நெஞ்சு அடைத்து, வாயெல்லாம் எச்சில் ஊறி, அப்படியே வெளியே வந்துவிட்டது. அதிலிருந்து பயம். கஞ்சியும் ஹார்லிக்ஸுமாகவே இருந்துவிடலாமா? சோறு எப்போது சாப்பிடலாம்? இன்னும் ஏழு வாரத்தில் ஊரில் தங்கை மகள் கல்யாணம், அங்கே என்ன செய்வது?”

முதலில் அந்த இட்லி. இப்போது தண்ணீர் தாராளமாக இறங்குகிறது, வயிற்றில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் உங்கள் அறுவைச் சிகிச்சைக் குழுவுக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள், “ஒரு தடவைதானே” என்று விடாதீர்கள். ஏன் என்றால், பேண்ட் நகராமல் இருக்க இரைப்பையின் ஒரு மடிப்பை அதன் மேல் இழுத்துத் தையல் போட்டிருப்பார்கள். அந்த இடம் நன்றாக ஒட்டிப் பிடிக்கச் சில வாரங்கள் வேண்டும். அதற்குள் ஓங்கரித்து ஓங்கரித்து வாந்தி எடுத்தால் கீழே இருக்கும் இரைப்பை பேண்ட் வழியாக மேலே நழுவி வரலாம். அதைச் சரிசெய்யத் திரும்பவும் அறுவைச் சிகிச்சை தேவைப்படக்கூடும். ஆரம்ப வாரங்களில் திரவம், கூழ் என்று இவ்வளவு கண்டிப்பு காட்டுவது இதற்காகவும், உள்ளே இருக்கும் வீக்கம் வடிவதற்காகவும்தான்.

வழக்கமான கணக்கு இது: முதல் ஓரிரு நாள் தெளிந்த திரவம், இரண்டு வாரம் வரை பால், மோர், வடிகட்டிய சூப் போன்றவை, அப்புறம் நான்காம் வாரம் வரை மிக்ஸியில் அடித்தது, ஆறாம் வாரம் வரை மென்மையானது, அதற்குப் பிறகு சாதாரண உணவு. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி ஒரு வாரம் முன்னே பின்னே இருக்கும். உங்கள் டாக்டர் கொடுத்த தாளும் நான் சொல்வதும் மோதினால் அவர் தாளைத்தான் கேட்க வேண்டும். இன்னொன்று, ஊரில் உங்கள் சொந்தக்காரர்கள் யாராவது இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் அல்லது குடலை மாற்றி இணைக்கும் பைபாஸ் செய்திருந்தால் அவர்கள் அட்டவணையை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு எதையும் வெட்டவில்லை, குடலை மாற்றி இணைக்கவில்லை, எனவே உங்கள் கணக்கே வேறு.

சரி, கஞ்சியிலேயே இருந்துவிடலாமா? கூடாது. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஒரு முறை அடைத்துக்கொண்டதும் பயந்துபோய் நிறையப் பேர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். பேண்டுக்கு மேலே ஒரு சின்னப் பை இருக்கிறது, அது நிறைந்ததும் வயிறு நிறைந்துவிடும் என்றுதான் முன்பு விளக்குவார்கள். இந்தச் சிகிச்சையை நெடுங்காலம் ஆராய்ந்த மெல்போர்ன் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பால் ஓ’பிரையன் குழுவினர் காட்டியது வேறு. சரியாக மென்ற ஒரு சிறு வாய் உணவை உணவுக்குழாய் பல தடவை அழுத்தி அழுத்தி, கிட்டத்தட்ட ஒரு நிமிடத்தில், பேண்டைத் தாண்ட வைக்கிறது. அப்போது அந்த இடத்தில் ஏற்படும் அழுத்தத்தை நரம்பு மூளைக்குச் சொல்கிறது, பசி அடங்குகிறது. கஞ்சி, ஹார்லிக்ஸ், மில்க்‌ஷேக், ஐஸ்கிரீம், பாயசம் இவையெல்லாம் எந்த அழுத்தமும் இல்லாமல் வழுக்கி ஓடிவிடும். அரை மணியில் மறுபடி பசிக்கும், மறுபடி ஒரு டம்ளர் போகும். நாள் முழுக்கச் சர்க்கரையும் மாவுமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும், எடை மட்டும் இறங்காது. கூடவே புரதம் குறைந்து தசை கரையும், முடி கொட்டும். பேண்ட் வேலை செய்வதே கெட்டி உணவில்தான். திரவ வாரங்கள் பேண்டைக் காப்பாற்றுவதற்காக, அவ்வளவே.

அப்படியானால் எப்படி முன்னேறுவது? நான்கு வாரம் முடிந்து டாக்டர் சரி என்றதும், மசித்ததிலிருந்து மென்மையானதற்கு. நம் வீட்டுச் சமையலில் இதற்கு ஏற்றது ஏராளம், அம்மா பக்கத்தில் இருப்பது உங்களுக்கு நல்ல பலம். சுரைக்காய், பூசணி, பீர்க்கங்காய் கூட்டு, பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்தது, எண்ணெய் அதிகம் விடாத ஈரமான முட்டைப் பொடிமாஸ், முள் எடுத்த மீனைக் குழம்பிலோ ஆவியிலோ வேகவைத்து உதிர்த்தது, மென்மையான பனீரை உதிர்த்து மசாலாவில் கொதிக்கவிட்டது, கெட்டித் தயிர். ஒரு நாளைக்கு ஒரே ஒரு புது உணவு, அதுவும் வீட்டில், அவசரம் இல்லாத நேரத்தில். காலையில் வேண்டாம். பேண்ட் போட்ட பலருக்குக் காலையில் இறுக்கமாக இருக்கும், எழுந்ததும் வெதுவெதுப்பாக ஏதாவது குடித்துவிட்டு, புதுச் சோதனையை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன சாப்பிடுகிறோம் என்பதைவிட எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதில்தான் பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் வருகிறது. நாம் கையால் பிசைந்து உருட்டிச் சாப்பிடும் ஒரு கவளம் உங்களுக்கு இப்போது நாலைந்து வாய்க்குச் சமம். குழந்தைக்கு ஊட்டும் சின்ன ஸ்பூனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாய் என்பது சுண்டைக்காய் அளவு. இருபது விநாடி மெல்லுங்கள், விழுங்குங்கள், ஸ்பூனைக் கீழே வையுங்கள், ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருந்து, அது தாண்டிய பிறகு அடுத்த வாய். இரண்டாவது வாய் முதல் வாயின் மேல் போய் உட்கார்ந்தால்தான் அடைப்பு. மொத்தம் இருபது நிமிடம், அரைக் கப் அளவு, அதோடு எழுந்துவிடுங்கள், தட்டில் மிச்சம் இருந்தாலும். “வீணாகிறதே” என்று அம்மா சொல்வார், முதலிலேயே குறைவாகப் பரிமாறச் சொல்லுங்கள். டிவி, போன், சுவாரசியமான பேச்சு எல்லாம் மெல்லுவதை மறக்கவைக்கும்.

சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். சாப்பிட்டு அரை மணி கழித்துக் குடிக்க ஆரம்பித்து, அடுத்த வேளை வரை சிறு மிடறுகளாக, நாளுக்கு ஒன்றரை லிட்டராவது போகட்டும். சோடா, கோலா வகைகள் வேண்டாம். ரசம், மோர் இரண்டும் உங்களுக்கு இனி பானங்கள்தான். சோற்றில் விட்டுப் பிசைந்தால் சோற்றையும் வழுக்கிக்கொண்டு போய்விடும் என்பதால் தனியாக, வேறு நேரத்தில் குடியுங்கள்.

இப்போது சோறு. தடை இல்லை, ஆனால் வரிசையில் கடைசி. சோறு மெல்லும்போதே ஒட்டிக் கட்டியாகும், பேண்ட் போட்டவர்களுக்கு அடைத்துக்கொள்ளும் உணவுகளில் இது முக்கியமானது. ஆறு வாரம் முடிந்து, பருப்பு, முட்டை, மீன் எல்லாம் பிரச்சினை இல்லாமல் இறங்குகிறது என்றான பிறகு, முதலில் புரதம், அடுத்து காய், அதற்கும் பிறகு இடம் இருந்தால் ஒரு ஸ்பூன் சோறு. இட்லி மென்மை என்று நினைத்துத்தான் ஏமாந்தீர்கள். மென்மையான மாவுப் பண்டங்கள் வாயில் பசைபோல் ஆகிவிடும், சப்பாத்தி, பரோட்டா, புது பிரெட் எல்லாம் அதே ரகம், பரோட்டா இன்னும் மோசம். இட்லியைவிட மெல்லிய முறுகல் தோசை பலருக்கு எளிதாக இறங்குகிறது. வெறும் பிரெட்டைவிட நன்றாக டோஸ்ட் செய்தது நல்லது. நார்க் காய்களில் வாழைத்தண்டு, முருங்கைக்காய், கொத்தவரை, கீரைத் தண்டு, பழங்களில் ஆரஞ்சின் நாரும் திராட்சைத் தோலும், அப்புறம் தேங்காய்ச் சில்லு, இவற்றைக் கொஞ்ச காலம் தள்ளிவையுங்கள். அசைவத்தில் மீன் முதலில், பிறகு குழம்போடு கைமா, கோழி நெஞ்சுக்கறி, மட்டன் துண்டு, இறால் எல்லாம் கடைசியில். உலர்ந்த கறி கண்டிப்பாக மாட்டும்.

புரதம் நாளுக்கு 60 முதல் 80 கிராம் வரை பொதுவாகச் சொல்வார்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20, பனீரில் சுமார் 18. அரைக் கப் சாப்பாட்டில் இதை எட்டுவது சிரமம், அதனால்தான் ஒவ்வொரு வேளையும் புரதத்தில் தொடங்கச் சொல்கிறேன். டாக்டர் எழுதிய வைட்டமினை நிறுத்தாதீர்கள்.

உடம்பு முன்கூட்டியே சைகை காட்டும். திடீர் விக்கல், மூக்கில் நீர், தும்மல், பெருமூச்சு, நெஞ்சில் லேசான அழுத்தம், இதில் எது வந்தாலும் அடுத்த வாய் வேண்டாம். மீறி அடைத்துவிட்டால், எழுந்து நில்லுங்கள், மெதுவாக நடங்கள். எச்சில் ஊறினால் துப்புங்கள். தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள், அடைத்த குழாயில் மேலும் ஊற்றினால் அது மேலேதான் வரும். விரல் விட்டு வாந்தி எடுக்க வேண்டாம், கோலா குடித்தால் கரையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடைப்பு விலகிய பிறகு ஒரு நாள் முழுக்கத் திரவம் மட்டும், ஏனென்றால் அந்த இடம் வீங்கியிருக்கும், உடனே சாப்பிட்டால் மறுபடி மாட்டும். மறுநாள் மசித்தது, பிறகு பழையபடி.

தண்ணீரோ உங்கள் எச்சிலோகூட இறங்கவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், இறுக்குவதற்காகப் பேண்டுக்குள் திரவம் ஏற்றியிருந்தால் அதை உறிஞ்சி எடுத்துத் தளர்த்துவார்கள். வயிற்றில் விடாத கடும் வலி, இரத்த வாந்தி, மலம் கறுத்துப் போவது, காய்ச்சல் எல்லாமே அவசரம்தான். அந்தத் திரவத்தை ஊசியால் ஏற்றவும் எடுக்கவும் தோலுக்கடியில் வைத்திருக்கும் போர்ட் பகுதி சிவந்து வலித்தாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். இரவில் படுத்தால் இருமல், எதுக்களிப்பு என்று தொடர்ந்தால் பேண்ட் அதிக இறுக்கமாகவோ நழுவியோ இருக்கலாம். நாள்கணக்கில் வாந்தி நீடித்தால் வைட்டமின் பி1 குறைந்து நரம்பைப் பாதிக்கலாம், எனவே “பேண்ட் போட்டால் வாந்தி சகஜம்” என்று யாரும் சமாதானம் சொல்ல விடாதீர்கள்.

மாத்திரைகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பெரிய மாத்திரை மாட்டும். உடைத்துப் போடலாமா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள், மெதுவாகக் கரையும் வகையை உடைக்கக்கூடாது. இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் கேட்காமல் வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவராக இருந்தால், சாப்பாடு இவ்வளவு குறைந்த நிலையில் பழைய அளவு மருந்து சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும், டாக்டரிடம் அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கல்யாணம். அப்போது உங்களுக்குப் பதினோராவது வாரம் இருக்கும், இலையில் உட்காரலாம். முதல் தடவை பேண்டுக்குள் சலைன் (உப்பு நீர்) ஏற்றி இறுக்குவது பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கும், ஒவ்வொரு முறை ஏற்றிய பிறகும் ஓரிரு நாள் திரவம், பிறகு மென்மை, பிறகு கெட்டி என்று ஏறி வர வேண்டும், அதனால் பயணத்துக்கு முந்தின வாரம் இறுக்கிக்கொள்ள வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். முதல் பந்தியின் அவசரத்தில் மாட்டாமல் கடைசிப் பந்தியில் உட்காருங்கள், பின்னால் ஆள் நிற்க மாட்டார்கள். பருப்பு, கூட்டு, தயிர் இவற்றில் தொடங்குங்கள். பாயசம் எளிதாக இறங்கும், அதனால்தான் இரண்டு ஸ்பூனோடு நிறுத்த வேண்டும். உபசரிப்பவர்களுக்கு “வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது” என்று ஒரு வரி போதும், நம் ஊரில் அதற்கு மேல் வற்புறுத்த மாட்டார்கள்.

புறப்படும் முன் பேண்டின் மாடல், எத்தனை மில்லி சலைன் ஏற்றியிருக்கிறது, போர்ட் எந்த இடத்தில் இருக்கிறது என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கி, கைப்பையில் வையுங்கள். இந்தியாவில் இப்போது பெரும்பாலும் ஸ்லீவும் பைபாஸும்தான் செய்கிறார்கள், எனவே பேண்டைக் கையாளத் தெரிந்த ஆள் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்க மாட்டார். போர்ட்டில் அதற்கென்று இருக்கும் தனி ஊசியைத்தான் குத்த வேண்டும், சாதாரண ஊசி குத்தினால் போர்ட் ஓட்டையாகிக் கசியும். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் திருச்சியிலோ, இல்லையென்றால் சென்னையிலோ, பேண்ட் அனுபவம் உள்ள எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் இப்போதே போனில் பேசி, இந்தத் தேதியில் வருகிறேன், அவசரமென்றால் பார்ப்பீர்களா என்று கேட்டு, அந்த எண்ணை உங்கள் போனிலும் அம்மா போனிலும் பதிந்து வையுங்கள்.