பழைய நோட்டை எழுதியவருக்கு வயது 29

கேள்வி: எனக்கு வயது 47. இருபத்தைந்து வருடமாக ஜிம்முக்குப் போகிறேன். 31 வயதுக்குள் நான்கு ஆணழகன் போட்டிகளில் மேடை ஏறி, ஒன்றில் இரண்டாம் பரிசும் வாங்கினேன். பிறகு வேலை, குடும்பம் என்று போட்டியை விட்டாலும் பயிற்சியை விடவில்லை. அடுத்த வருடம் மூத்த வயதினருக்கான மாஸ்டர்ஸ் பிரிவில் ஏறிப் பார்க்க ஆசை. 29 வயதில் எழுதிய பயிற்சி நோட்டைத் தேடி எடுத்து, அதே அட்டவணையை ஐந்து வாரம் செய்தேன். இப்போது காலையில் எழுந்தால் இடது முழங்கை மடங்க மறுக்கிறது. தூக்கமும் கெட்டுவிட்டது. ஜிம் நண்பர் ஒருவர், "இந்த வயதில் ஊசி இல்லாமல் ஒன்றும் நடக்காது" என்கிறார். மனைவி, "இந்த வயதில் இதெல்லாம் தேவையா?" என்கிறார். ஏறலாமா, வேண்டாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தாராளமாக ஏறுங்கள். ஆனால் போட்டித் தேதியை இப்போதே குறித்துவிடாதீர்கள்.

நோட்டில் தப்பில்லை. அதை எழுதியவருக்கு வயது 29, அவ்வளவுதான். உங்கள் தசை இன்னும் அவர் சொல்வதைக் கேட்கும். ஒருமுறை வளர்ந்த தசை பழைய அளவுக்குத் திரும்ப அதிக நாள் எடுக்காது. தசையை எலும்போடு இணைக்கிற தசைநாண் அப்படியல்ல. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. தசைக்குச் சில வாரம் போதுமென்றால் இதற்கு மாதக் கணக்கில் ஆகும், வயது ஏற ஏற இன்னும் மெதுவாகும். 47 வயதில் முதன்முதலாக ஜிம்முக்கு வருகிறவருக்கு இந்த ஆபத்து குறைவு, ஏனென்றால் அவரால் அந்த எடையைத் தூக்கவே முடியாது. உங்களால் முடியும். சிக்கலே அதுதான்.

என் கதையையும் சொல்கிறேன். 45 வயதில், ஒரு கை உள்பக்கம், ஒரு கை வெளிப்பக்கம் என்று பிடித்து, தரையில் கிடக்கும் பாரைத் தூக்கி நிமிர்கிற டெட்லிஃப்ட் செய்துகொண்டிருந்தேன். எனக்குப் பழகிய எடைதான். மூன்றாவது ரெப்பில், அதாவது மூன்றாம் முறை தூக்கும்போது, பழைய துணியைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம். வலி பெரிதாக இல்லை. கண்ணாடியில் பார்த்தால் பைசெப்ஸ் முழங்கையை விட்டுவிட்டுத் தோள் பக்கமாக ஏறிச் சுருண்டிருந்தது. நடுத்தர வயது ஆண்களுக்கே அதிகம் வருகிற காயம் இது. பெரும்பாலும் உள்ளங்கை முன்னோக்கித் திரும்பியிருக்கிற கையில்தான் அறுபடும். அறுவை சிகிச்சை முடிந்து பழைய நிலைக்கு வர எட்டு மாதம் ஆனது. அந்தப் பிடியை நான் அதற்கப்புறம் தொடவில்லை. நீங்களும் தொடாதீர்கள், பாரை மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டுகிற ஸ்ட்ராப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் முழங்கை. முழு ஓய்வு கொடுத்தால் வலி போகும், திரும்ப ஆரம்பித்ததும் அதுவும் திரும்பி வரும். படுத்துக்கொண்டு பாரை நெற்றிக்கு இறக்குகிற டிரைசெப்ஸ் பயிற்சியையும், நேர் பாரில் கையை மடக்கித் தூக்குகிற கர்ல் செய்வதையும் நிறுத்துங்கள். பதிலுக்கு கேபிள் மெஷினில், பொறுத்துக்கொள்ளக்கூடிய எடையை வைத்து, முழங்கையைப் பாதி மடித்து 45 விநாடி அசையாமல் பிடியுங்கள். நடுவில் இரண்டு நிமிட இடைவெளி விட்டு ஐந்து முறை. சரியாகச் செய்தீர்களா என்பது மறுநாள் காலையில் தெரியும். முழங்கை நேற்றைவிட அதிகமாக இறுகியிருந்தால் எடை கூடிப்போயிற்று என்று அர்த்தம். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனால் அது நரம்பு விஷயம். காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அட்டவணையை எப்படி மாற்றுவது? மேடையில் நடுவர் பார்ப்பது தசையை. பெஞ்சில் எவ்வளவு தூக்கினீர்கள் என்று அவர் கேட்கப்போவதில்லை. ஐந்து ரெப்பில் திணறும் எடையோ, இருபத்தைந்தில் திணறும் எடையோ, இனி முடியாது என்ற நிலைக்குப் பக்கத்தில் செட்டை (நிறுத்தாமல் செய்கிற ஒரு சுற்றை) முடித்தால் தசை ஏறக்குறைய ஒரே அளவுதான் வளரும். மூட்டு வாங்குகிற அடிதான் வேறு. அதனால் பெரும்பாலான செட்களை 12 முதல் 20 ரெப் பக்கம் கொண்டுபோங்கள். எடையை இறக்கும்போது மூன்று விநாடி எண்ணுங்கள். பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட்டை விட வேண்டாம், வரிசையை மாற்றினால் போதும். மெஷினில் காலை நீட்டுகிற லெக் எக்ஸ்டென்ஷனும் மடக்குகிற லெக் கர்லும் முடித்துவிட்டுக் கடைசியில் ஸ்குவாட்டுக்கு வாருங்கள். முழங்கால் சூடேறியிருக்கும், கால் ஏற்கெனவே களைத்திருக்கும், பழைய எடையில் பாதியிலேயே தொடை எரியும். நோட்டில் வாரம் ஆறு நாள் என்று இருந்தால் நான்காக்குங்கள். தூக்கம் கெட்டது என்கிறீர்களே, உடம்பு நேரத்துக்கு மீளவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டாம்.

உணவு உங்களுக்குத் தெரிந்த பாடம். ஒன்றே ஒன்று சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். 29 வயதில் பன்னிரண்டு வாரத்தில் கட்டிங், அதாவது போட்டிக்காகக் கொழுப்பைக் குறைப்பது, முடித்திருப்பீர்கள். இப்போது வாரம் அரை கிலோதான் கணக்கு. 84 கிலோவில் ஆரம்பித்து 74இல் மேடை ஏற வேண்டுமென்றால் இருபது வாரம் ஆகும். அதற்கு மேல் வேகம் காட்டினால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். போன தசையைத் திரும்பக் கட்டுவது இந்த வயதில் லேசான வேலையில்லை. அப்புறம் புரதம். வயது கூடினால் ஒரு வேளைக்குக் கொஞ்சம் அதிகமாகக் கொடுத்தால்தான் தசை அசைந்து கொடுக்கும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.4 கிராம், அதாவது 84 கிலோ என்றால் வேளைக்கு 34 கிராம் அளவில், நாளைக்கு நான்கு வேளை.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். ஊசியில் போடுகிற டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன், மருந்துப் பரிசோதனை உள்ள எந்தப் போட்டியிலும் தடை செய்யப்பட்ட பொருள். 'வயதாகிவிட்டது, மருத்துவர் எழுதிக்கொடுத்தார்' என்று சொல்லி மட்டும் தப்பிக்க முடியாது. அதை விடுங்கள், தசைக்காக ஜிம்களில் போடுகிற அளவுகளில் போட்டால் நல்ல கொலஸ்டிரால் குறையும், ரத்தம் கெட்டியாகும், இதயச் சுவர் தடிக்கும், உடம்பு சொந்தமாகச் சுரப்பதையும் நிறுத்திவிடும். 47 வயது இதயத்துக்கு இது தேவையில்லாத சூதாட்டம். சுரப்பு உண்மையிலேயே குறைவு என்று சந்தேகம் இருந்தால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். அதையும் கட்டிங்கின் கடைசி வாரங்களில் செய்யாதீர்கள். பட்டினி கிடக்கிற உடம்பில் அந்த அளவு எப்படியும் இறங்கியிருக்கும்.

ஊசி போட்டாலும் போடாவிட்டாலும், தொடங்கும் முன் ரத்த அழுத்தம், எக்கோ (இதய ஸ்கேன்), ரத்தப் பரிசோதனை மூன்றும் பார்த்துவிடுங்கள். 2018இல் 43 வயதில் மிஸ்டர் ஒலிம்பியா என்ற உலக ஆணழகன் பட்டம் வென்ற ஷான் ரோடன், 2021இல் 46 வயதில் மாரடைப்பில் இறந்தார். வெளியே தெரியும் உடம்பை வைத்து உள்ளே இருக்கும் இதயத்தைக் கணிக்க முடியாது. ரத்தம் கொடுப்பதற்கு முன் நான்கைந்து நாள் கனமான பயிற்சி வேண்டாம். கிரியேட்டின் என்ற ஜிம் பவுடர் எடுத்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் சிறுநீரகத்துக்குப் பார்க்கிற கிரியேட்டினினும் கல்லீரல் எண்களும் ஏறி நின்று, நன்றாக இருக்கிற உங்களை நோயாளியாகக் காட்டும். எனக்கு ஒருமுறை அப்படி நடந்து, இரண்டு இரவு தூங்கவில்லை.

கடைசி வாரத்தில் தண்ணீரை நிறுத்துகிற பழைய பழக்கம் இருந்தால் அதையும் நோட்டோடு மூட்டை கட்டுங்கள். தசையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அதை வற்றவிட்டால் மேடையில் தட்டையாகத்தான் தெரிவீர்கள். நீர் பிரிக்கும் மாத்திரை வேண்டவே வேண்டாம். 1992இல் முகமது பெனாசிசா என்ற தொழில்முறை வீரர் உடல் வறட்சியால் இறந்தபோது அவருக்கு வயது 33தான்.

மனைவி கேட்டதற்கு உங்களுக்காக நான் பதில் சொல்ல முடியாது. முன்பு போட்டிக்குத் தயாரான கடைசி மூன்று வாரம் வீட்டில் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்று அவரிடமே கேளுங்கள். பார்த்திருந்தால் சொல்வார். இந்த முறை அது இருபது வாரம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

முழங்கை ஆறும்வரை சும்மா இருக்க வேண்டாம், போஸிங் (மேடையில் தசையை இறுக்கிக் காட்டி நிற்பது) இருக்கிறது. மாஸ்டர்ஸ் பிரிவில் பலர் தோற்பது இங்கேதான். உடம்பு இருக்கும், காட்டத் தெரியாது. செல்போனை இடுப்பு உயரத்தில் நிறுத்தி வீடியோ போட்டுவிட்டு, இரண்டு கையையும் உயர்த்தி மடக்கிக் காட்டுகிற முன் இரட்டை பைசெப்ஸ் போஸில் முப்பது விநாடி நில்லுங்கள். பாதத்தில் ஆரம்பித்துக் கெண்டைக்கால், தொடை, வயிறு என்று கீழிருந்து இறுக்கிக்கொண்டே வந்து, கையைக் கடைசியில் தூக்குங்கள். பதினைந்தாவது விநாடியில் தொடை தளரும், முகம் சுளிக்கும், அதுவரை பார்க்காத வயிறு வெளியே வரும். மேடையில் பக்கத்தில் நிற்பவரோடு ஒப்பிடும்போது நடுவர் காண்பதும் அதைத்தான். தினமும் இருபது நிமிடம் செய்யுங்கள்.

எட்டு வாரம் கழித்து, முழங்கை எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். தேதியை அப்போது பேசிக்கொள்ளலாம்.