தாத்தாவைப் படகில் கூட்டிப்போகலாமா?

கேள்வி: சென்னை கொருக்குப்பேட்டையில் இருக்கிறோம். அம்மாவின் அப்பாவுக்கு 84 வயது. பிரஷர் மாத்திரையும் நீர் பிரிய ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறார். ஒரு வருஷமாக மறதி. காலையில் இட்லி சாப்பிட்டதைப் பத்து மணிக்கு மறந்துவிடுகிறார். ஆனால் சின்ன வயதில் அவர் அப்பாவோடு விறகுப் படகில் பக்கிங்காம் கால்வாயில் வந்த கதையை மட்டும் தினமும் ஒரு வரி மாறாமல் சொல்கிறார். "இன்னொரு தடவை போட்ல போகணும்" என்று ஒரே பிடிவாதம். பழசைக் கிளறினால் மூளை இன்னும் குழம்பிவிடும் என்கிறார் மாமா. கூட்டிப்போகலாமா? வாந்தி வராமல் இருக்க அவோமின் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கூட்டிப்போங்கள். அவோமின் மட்டும் வேண்டாம்.

முதலில் அந்த மாத்திரை. அதில் இருப்பது ப்ரோமெத்தசின். நீங்கள் போட்டால் கொஞ்சம் தூங்கி வழிவீர்கள், அவ்வளவுதான். ஆனால் மூளையில் நினைவுக்கு வேண்டிய அசிடைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையை அது தடுக்கும். மறதி நோயில் பெரும்பாலும் அந்த ரசாயனம் ஏற்கெனவே குறைந்திருக்கும். அதனால் இந்த வயதில் ஒரே மாத்திரையில்கூட ஆள் உளற ஆரம்பிக்கலாம், தள்ளாடி விழலாம். ப்ராஸ்டேட் வீங்கியிருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். வயது ஏற ஏறப் பயண வாந்தி பொதுவாகக் குறைந்துவிடும் என்பதால் இந்தக் கவலையே உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். இரண்டு இட்லியோடு கிளம்பி, படகில் தூரத்துக் கரையைப் பார்த்தபடி உட்காரட்டும்.

மாமாவின் பயம் அந்தக் காலத்து மருத்துவர்களுக்கும் இருந்ததுதான். பழங்கதை பேசுவதே மூளை தளர்ந்ததன் அடையாளம் என்று நினைத்தார்கள். 1963-ல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், முதுமையில் வாழ்ந்ததைத் திரும்பிப் பார்ப்பது இயல்பான காரியம் என்று எழுதிய பிறகுதான் பார்வை மாறியது. இன்றைய இட்லி மறந்து போவதும், பத்து வயதில் பார்த்த படகு நிற்பதும் ஒரே நோயின் இரண்டு பக்கம். புது விஷயத்தைப் பதிய வைக்கும் பகுதிதான் முதலில் அடி வாங்குகிறது. பழையது வேறு இடங்களில் வேரூன்றிவிட்டதால் வெகு நாள் தாங்கும். அதைப் பேசவிட்டால் மனசு இலேசாகும், பேச்சு கொஞ்சம் கூடும். மறதி குணமாகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஆய்வுகளில் தெரிந்த பலன் சிறியதுதான்.

சரி, எங்கே போவது? உங்கள் வீட்டுப் பக்கம் ஓடும் கால்வாயில் படகு விட வழியில்லை. மூக்கைப் பொத்தாமல் பாலத்தைத் தாண்டினாலே பெரிய விஷயம். பழவேற்காடு ஏரி அழகுதான், ஆனால் 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மறக்க முடியாது. லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் 84 வயதுக்காரரை ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். முட்டுக்காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு குழாம் இருக்கிறது. நகரத்தின் தெற்குக் கோடியையும் தாண்டி, தூரம்தான். ஆனால் அதே பக்கிங்காம் கால்வாய் முட்டுக்காட்டு உப்பங்கழி வழியாகத்தான் தெற்கே போகிறது. இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், தூரத்தைப் பற்றிப் பேச மாட்டார்! துடுப்புப் படகு கிடைத்தால் நல்லது. மோட்டார் சத்தத்தில் அவர் பேசுவது உங்களுக்கும், நீங்கள் கேட்பது அவருக்கும் விழாது.

உண்மையான ஆபத்து தண்ணீரில் இல்லை, ஏறும்போதும் இறங்கும்போதும்தான். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் காரில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ஆகவே காரிலேயே காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிஷம் உட்காரட்டும், பிறகு எழுந்து கதவைப் பிடித்தபடி இன்னொரு நிமிஷம் நிற்கட்டும். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிவிடுங்கள். வழுக்கும் ரப்பர் செருப்பு வேண்டாம். ஒருவர் முன்னாலேயே படகில் இறங்கி எதிர்முகமாக நின்று அவரது இரண்டு முன்கைகளையும் பிடிக்க வேண்டும், இன்னொருவர் பின்னால். கையை மேலே இழுத்துத் தூக்காதீர்கள், தோள்பட்டை போய்விடும். நடுப்பலகையில் உட்காரவையுங்கள். "எனக்கா சொல்லித் தர்றே?" என்று அதட்டுவார். அதட்டட்டும்.

நீர் மாத்திரையை அன்றைக்கு நீங்களாக நிறுத்தாதீர்கள். நேரத்தை மாற்றலாமா என்று அதை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீர் வரும் என்று தண்ணீர் கொடுக்காமல் இருப்பது அதைவிடத் தப்பு. முதியவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது. மாற்று வேட்டி ஒன்று, தொப்பி ஒன்று. காலையிலேயே போய் மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள், இருட்டினால் மறதி உள்ளவர்களுக்குக் குழப்பம் கூடும்.

படகில் "இது ஞாபகம் இருக்கா, அது ஞாபகம் இருக்கா" என்று பரீட்சை வைக்காதீர்கள். விடை தெரியாத கேள்வி அவரைக் கூனிக் குறுகவைக்கும். "காத்து இல்லாத நாள்ல கரையில இருந்து கயிறு கட்டி இழுப்பாங்களாமே, கஷ்டமா இருக்குமா தாத்தா?" என்று கேட்டால் மீதியை அவரே பார்த்துக்கொள்வார். தவறாகச் சொன்னாலும் திருத்த வேண்டாம். இறந்துபோன அண்ணன் எங்கே என்று தேடினால், செத்துவிட்டார் என்று ஒவ்வொரு முறையும் போட்டு உடைக்காமல், அந்த அண்ணனைப் பற்றியே பேச்சைத் திருப்புங்கள்.

மறுநாளே "எப்ப போட்ல போறோம்?" என்று கேட்டால் மனசு விட்டுப்போகாதீர்கள். போனது மறந்தாலும் போன சந்தோஷம் கொஞ்ச நேரமாவது தங்கும். போட்டோவை பிரிண்ட் போட்டுக் கொடுங்கள், போனில் காட்டினால் பிடிபடாது.

அப்புறம், ஒரு வருஷ மறதியை வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். நீர் மாத்திரையால் ரத்தத்தில் சோடியம் குறைந்தாலே குழப்பம் வரும். தைராய்டு, வைட்டமின் பி12, காது கேட்காமை இவற்றையும் பார்க்க வேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். படகுக்குப் போகும் முன்பே இது முடிந்துவிட்டால் நல்லது. திடீரென்று ஓரிரு நாளில் குழப்பம் அதிகமானால் அதுவரைகூடக் காத்திருக்காமல் அன்றே காட்டுங்கள்.