புற்றுநோய் சிகிச்சை முடிந்துவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. எப்படிச் சமாளிப்பது?

எனக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ, கரண்டு வைத்தது (கதிர்வீச்சு சிகிச்சை) எல்லாம் முடிந்து இது மூன்றாவது வருடம். ஊர் சேலம், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம். நான் டாக்டர் இல்லை, பட்டதைச் சொல்கிறேன்.

சிகிச்சை நடந்தபோது எனக்குப் பெரிதாகப் பயமே இல்லை. பயப்பட நேரமில்லை என்பதுதான் சரி: 21 நாளுக்கு ஒரு கீமோ, அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை, அப்புறம் வாந்தி, வாய்ப்புண், கொஞ்சம் தலைதூக்குவதற்குள் அடுத்த கீமோ. கடைசிக் கரண்டு முடிந்த அன்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "இனி மூணு மாசம் கழிச்சு வந்தா போதும்" என்றார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் செவ்வாய்ச் சந்தைக் கூட்டத்தில் அம்மா கையை விட்ட பிள்ளை மாதிரி நின்றேன்.

ஆடியில் அத்தை கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்து வேண்டுதலையும் முடித்துவிட்டார். அதற்குப் பிறகு பயமாக இருக்கிறது என்று வாயைத் திறந்தால் அம்மனையே நம்பாத மாதிரி ஆகிவிடும். பேசாமல் இருந்துவிட்டேன். அதுதான் முதல் தப்பு.

இரண்டாவது தப்பு, டாக்டரம்மா வேண்டாம் என்றும் கேட்காமல் ஒரு லேபில் காசு கட்டி ட்யூமர் மார்க்கர், அதாவது புற்றுநோய் இருந்தால் ஏறும் ஒரு பொருளை ரத்தத்தில் அளக்கிற பரிசோதனை, பார்த்தது. கொஞ்சம் கூடுதலாக வந்தது. பத்து நாள் தூக்கமில்லை, பிள்ளையின் கல்யாணத்தை முன்கூட்டியே வைத்துவிடலாமா என்கிற வரைக்கும் யோசித்தாயிற்று. கடைசியில் பார்த்தால், ஈரலில் ஏதாவது சின்னக் கோளாறு இருந்தால்கூட அந்த எண் ஏறுமாம். தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு அடிக்கடி ஸ்கேனும் மார்க்கரும் பார்ப்பதால் ஆயுள் கூடுவதில்லை, வருடத்துக்கு ஒரு மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) நேரில் வந்து காட்டுவதும் போதும் என்று டாக்டரம்மா அப்போதுதான் உட்காரவைத்து விளக்கினார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் லேபுக்குக் கட்டிய காசாவது மிஞ்சியிருக்கும்.

இன்னொன்று. நடுராத்திரி குப்பென்று உடம்பு சுட்டு வியர்த்து நெஞ்சு படபடக்கும், பயத்தால்தான் என்றே நினைத்திருந்தேன். பாதி, புற்றுநோய் திரும்பாமல் இருக்க நான் தினமும் சாப்பிடும் டமோக்சிஃபென் மாத்திரையின் வேலை! நீங்களும் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இதை டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது நான் செய்வது ஒன்றே ஒன்றுதான். மளிகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டர் அடுப்படியில் தொங்குகிறது. எங்கே புதிதாக வலித்தாலும் அந்தத் தேதிக்கட்டத்தில் பென்சிலால் ஒரு சொல் எழுதுவேன்: "முதுகு", "இடுப்பு", "தலை". குறையாமல் இரண்டு வாரம் நீடித்தால் போன் பண்ணுவது, அதுவரைக்கும் அதைத் தோண்டுவதில்லை. டாக்டரம்மாதான் இந்த இரண்டு வாரக் கணக்கைச் சொன்னார். ஆனால் கட்டி தட்டுப்பட்டால், மூச்சு வாங்கினால், காரணமில்லாமல் எடை இறங்கினால் காலண்டரெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே போய்விடுங்கள்.

போன தை மாதம் ஏற்காட்டில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் பஸ்ஸில் போனோம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. 12-வது பலகையைத் தாண்டும்போது முதுகில் சுருக்கென்றது. எலும்புக்குப் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன், மேலே போய்ச் சேரும்வரை இவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாத்தனார் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "ஏன் அண்ணி, நேத்து தண்ணி வந்துச்சுன்னு போன்ல சொன்னீங்களே, எத்தனை கொடம் தூக்குனீங்க?" என்றார். ஒன்பது. ஆபரேஷன் ஆன பக்கம், வலது கையில் கனம் தூக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் இடது கையாலேயே தூக்கியிருந்தேன். அங்கேயே ஒரு பென்சில் வாங்கி அவர்கள் வீட்டுக் காலண்டரிலும் "முதுகு" என்று எழுதிவைத்தேன். நாலாம் நாள் வலி போனதே தெரியவில்லை.

செக்கப் வாரம் மட்டும் எந்த வித்தையும் பலிக்காது. அந்த வாரம் பெரிய வேலை எதையும் வைத்துக்கொள்வதில்லை, எரிந்து விழுவேன் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் போய்விட்டால் மனநல டாக்டரைப் பார்க்கத் தயங்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் (டெலி மானஸ்) 14416-க்குக் கூப்பிட்டால் எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசில்லை. நான் ஒருமுறை ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டு முக்கால்வாசி நேரம் அழுதேன், அவ்வளவு பொறுமையாகக் கேட்டார்கள்.

இந்த மாதக் காலண்டரில் இப்போதைக்கு ஒன்றுதான் எழுதியிருக்கிறது: "இடது தோள்". இன்றைக்கு ஆறாவது நாள்.