டெல்லி வெயிலில் லிக்விட் கூலிங்: கேள்வி பதில்

ஆர்.கே.புரம் மாணவர்: அண்ணா, என் அறையில் ஏசி கிடையாது. மே மாதம் உள்ளேயே 40 டிகிரி. கம்ப்யூட்டரில் ரைசன் 5 7600 பிராசஸர் வைத்திருக்கிறேன். 360 ஏஐஓ (பிராசஸரைத் தண்ணீரால் குளிர்விக்கும், 360 மி.மீ. ரேடியேட்டரோடு வரும் ரெடிமேட் செட்) போட்டால் கேம் ஆடும்போது ஜில்லென்று இருக்குமா?

இருக்காது தம்பி. தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை. பிராசஸரிடம் வாங்கி ரேடியேட்டரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவுதான். அங்கிருந்து அதை எடுத்துப் போக வேண்டியது உன் அறைக் காற்று. காற்றே 40 டிகிரி என்றால் தண்ணீர் அதற்குக் கீழே இறங்க வழியே இல்லை. உன்னுடையது 65 வாட் சிப். பிராசஸர் மேல் மாட்டும், ஃபேன் வைத்த நல்ல ஏர் கூலர் தாராளமாகப் போதும். மிச்சப் பணத்தில் முன்பக்கம் காற்றுப் போகும் வலை (மெஷ்) உள்ள கேபினட் வாங்கு. நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் மார்க்கெட்டில் கண்ணாடி மூடியதைத்தான் முதலில் காட்டுவார்கள், மயங்காதே.

மயூர் விஹாரிலிருந்து ஒரு வீடியோ எடிட்டர்: என்னிடம் ஐ9-14900கே பிராசஸர். ரெண்டர் ஓடினால் 100 டிகிரி காட்டுகிறது.

உங்களுக்கு 360 ஏஐஓ தேவைதான். அந்தச் சிப் முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். அப்புறம் பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) பவர் லிமிட்டைப் பாருங்கள். சில மதர்போர்டுகள் அந்த வரம்பையே எடுத்துவிட்டு வருகின்றன.

கரோல் பாக்: அறையில் தண்ணீர் ஊற்றி ஓட்டும் டெசர்ட் கூலர் ஓடுகிறது சார். ஏஐஓ டியூப் மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளுமா?

கோக்காது. அறையைவிடக் குளிர்ந்த பரப்பில்தான் நீர் படியும். இந்த டியூப் எப்போதும் அறையைவிடச் சூடாகத்தான் இருக்கும். கூலரின் சாரல் நேராக கேபினட்டில் அடிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

துவாரகா: மூன்று வருட ஏஐஓ. ஆன் செய்ததும் களகளவென்று சத்தம் வருகிறது.

பம்புக்குள் காற்று போகிறது. டியூப் சுவர் வழியாக வருஷா வருஷம் கொஞ்சம் நீர் ஆவியாகி வெளியேறும். அந்த இடத்தில் காற்று சேரும். பிராசஸர் மேல் இருக்கும் பம்பு, தண்ணீர் ஓடும் சுற்றிலேயே உயரமான இடமாக இருக்கக் கூடாது. ரேடியேட்டரை கேபினட்டின் மேல்கூரையில் மாட்டுங்கள், காற்று அங்கே போய் நின்றுவிடும். அப்படியும் சத்தம் ஓயாமல் சூடும் ஏறினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

நொய்டா: கஸ்டம் லூப், அதாவது தனித்தனிப் பாகங்கள் வாங்கி நானே தண்ணீர்ச் சுற்று கட்டப்போகிறேன். வீட்டு ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா?

வேண்டாம். ஆர்ஓவிலும் உப்பு மிச்சம் இருக்கும். இதற்கென்றே விற்கும் கூலன்ட் ஊற்றுங்கள். அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்து அதில் கலந்தே வரும். பிராசஸர் மேல் உட்காரும் செம்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்காதீர்கள், அலுமினியம் அரித்துவிடும். ஊற்றியதும் பம்புக்கு மட்டும் கரன்ட் கொடுத்து, ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ வைத்து, ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். அவசரத்தில் இதைச் செய்யாமல் விட்டு நண்பர் ஒருவரின் கிராபிக்ஸ் கார்டைப் பாழாக்கியிருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

மீண்டும் ஆர்.கே.புரம் தம்பி: தூசிக்கு என்ன செய்வது அண்ணா?

ஏப்ரல் முதல் ஜூன் வரை, புழுதிக்காற்று அடிக்கும் மாதங்களில், மூன்று வாரத்துக்கு ஒருமுறை பிராசஸர் கூலரின் தகடுகளுக்கிடையே புளோவர் அடி. ஏஐஓ வைத்திருப்பவர்களும் ரேடியேட்டருக்கு இதையே செய்யுங்கள். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள். சுழலவிட்டால் பேரிங் கெட்டுப்போகும்.