மீட்ட நிலம் யாருக்குச் சேரும்?

நல்லூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அக்சிஸ் அன்ட் அலைஸ் 1942 என்ற இரண்டாம் உலகப் போர்ப் பலகை விளையாட்டின் இரண்டாம் பதிப்பை விளையாடுகிறோம். ஜேர்மனி பிடித்த கொக்கேசஸை, பிரித்தானியாவாக விளையாடும் நான் இரண்டு டாங்கிகளைப் பறிகொடுத்து மீட்டேன். அது ரஷ்யாவுக்குத்தான் சேரும் என்கிறான் தம்பி. சண்டை பிடித்தது நான் அல்லவா?"

தலைநகர் மொஸ்கோ ரஷ்யாவின் கையில் இருந்தால், தம்பி சொல்வதுதான் சரி. நேச நாட்டுக்கு முதலில் சொந்தமான நிலத்தை நீங்கள் பிடித்தால் அது 'மீட்பு'. நிலமும் அங்குள்ள தொழிற்சாலையும் அந்தக் கணமே பழைய சொந்தக்காரருக்குப் போய்விடும். நீங்களே வைத்துக்கொள்ள வழியில்லை. உங்கள் படை மட்டும் அங்கேயே நிற்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: சண்டை முடியும்போது உங்கள் தரைப்படைக் காய் ஒன்றாவது உயிரோடு இருக்க வேண்டும். விமானம் மட்டும் மிஞ்சினால் நிலம் ஜேர்மனியிடமே இருக்கும்.

இதை நட்டம் என்று நினைக்க வேண்டாம். ஆட்ட வரிசை ரஷ்யா, ஜேர்மனி, பிரித்தானியா, ஜப்பான், அமெரிக்கா. உங்களுக்குப் பிறகு ஜேர்மனிக்கு முன்பாக ரஷ்யாவின் முறை வந்துவிடும். இடையில் ஜப்பான் பாரசீகப் பக்கமாக வந்து கெடுக்காவிட்டால், ரஷ்யா அந்த முறையிலேயே கொக்கேசஸ் தொழிற்சாலையில் 4 காய்கள் வரை இறக்கலாம், 4 ஐபிசி (விளையாட்டுப் பணம்) வருமானமும் எடுக்கலாம். தொழிற்சாலை குண்டடி பட்டிருந்தால், ஒவ்வொரு சேதத்துக்கும் ஒரு காய் குறையும். நீங்கள் பிடித்த நிலமாகவே இருந்தாலும், அதே முறையில் அங்கே உங்களால் ஒரு காலாள் கூட இறக்க முடியாது. எனக்கு இந்த விதி பிடித்ததே இதனால்தான்: முன்னணியில் நிற்பவனுக்கு உடனே உதவி கிடைக்கிறது.

மொஸ்கோ ஏற்கெனவே விழுந்திருந்தால் கதை வேறு. அப்போது கொக்கேசஸ் உங்களுடையது. வருமானம் உங்களுக்கு, அடுத்த முறையில் இருந்து தொழிற்சாலையும் உங்களுக்கு. ஆனால் பின்னர் அமெரிக்கா வந்து மொஸ்கோவை மீட்டாலும், நேச நாடுகள் கையில் உள்ள ரஷ்ய நிலங்கள் எல்லாம் உடனே ரஷ்யாவுக்குத் திரும்பும். அங்கே நீங்கள் காசு கொடுத்துக் கட்டிய தொழிற்சாலையும் சேர்ந்துதான் போகும். மொஸ்கோ விழுந்தபோது ஜேர்மனி எடுத்த ரஷ்யப் பணம் மட்டும் திரும்பி வராது. ஆகவே மீண்ட ரஷ்யா, தன் முறையில் ஒன்றும் வாங்க முடியாமல், முறை முடிவில்தான் முதல் வருமானத்தை எடுக்கும்.

அப்புறம், 'முதல் சொந்தக்காரர்' யார் என்பதற்கு வரலாற்றைப் பார்க்காதீர்கள், பலகையில் அச்சிட்ட சின்னத்தைப் பாருங்கள். பிலிப்பைன்ஸில் இருப்பது ஜப்பான் சின்னம். அதை நீங்கள் பிடித்தால் அமெரிக்காவுக்குக் கொடுக்கத் தேவையில்லை, உங்களுடையதுதான். சீனாவின் சீச்சுவானில் இருப்பதோ அமெரிக்கச் சின்னம். ஜப்பானிடம் இருந்து நீங்கள் மீட்டால், வாஷிங்டன் விழாதவரை அது அமெரிக்காவுக்கே.