வேறு வேறு பண்பாட்டிலிருந்து வரும் பெரியவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர், அவர்களைப் புரிந்து நடந்துகொள்ளும் திறனை எப்படி வளர்த்துக்கொள்வது?

இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. 11 ஆண்டுகளாக மாலை வகுப்பில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். வேறு நாட்டிலிருந்து, வேறு மொழியிலிருந்து வந்து குடியேறியவர்கள்தான் அதிகம்.

நீங்கள் இந்த வேலைக்குப் புதிது என்று நினைக்கிறேன். வகுப்பு தொடங்குவதற்குள் ஒவ்வொரு நாட்டுப் பழக்கத்தையும் படித்து முடித்துவிட வேண்டும் என்ற பதற்றம் இருக்கும். எனக்கும் இருந்தது. ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைத்தேன். யாரிடம் கண்ணுக்கு நேராகப் பார்த்துப் பேசினால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள், யாரிடம் முதலில் கை நீட்டக் கூடாது, பல்கேரியாக்காரர்கள் 'ஆமாம்' என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள், இப்படி. அதைப் படிப்பது வீண் என்று சொல்லவில்லை. ஆனால் வெளிநாட்டில் பத்து வருடம் இருந்த பல்கேரியாக்காரர் எதிரில் இருப்பவரைப் பார்த்து ஆட்டுவதை மாற்றிக்கொள்வார். அப்போது அவரிடம்தான் கேட்க வேண்டும், நோட்டில் பதில் இருக்காது.

நான் தவறு செய்ததும் நோட்டில் இல்லாத ஒரு விஷயத்தில்தான்.

என் வகுப்பில் ஒரு பெரியவர் இருந்தார். அறுபதை நெருங்கும் வயது. சொந்த நாட்டில் கட்டட மேஸ்திரி, அவருக்குக் கீழே நிறைய ஆட்கள் வேலை பார்த்திருக்கிறார்கள். ஒரு நாள்கூட வகுப்புக்குத் தாமதமாக வந்ததில்லை. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் "புரிந்ததா?" என்று கேட்பேன். முதலில் "புரிந்தது டீச்சர்" என்பது அவர்தான். நானும் நம்பிவிட்டேன்.

எனக்கு அப்போது ஒரு பழக்கம். எழுதித் தந்த தாள்களிலிருந்து பிழையுள்ள வாக்கியங்களை எடுத்து, பெயர் போடாமல் பலகையில் எழுதி, எல்லாரும் சேர்ந்து திருத்துவோம். பிழையைக் கண்டு யாரும் பயப்படக் கூடாது, அதைப் பொதுவில் பேசிப் பழக வேண்டும் என்று உண்மையாகவே நம்பினேன். ஒரு நாள் அவருடைய வாக்கியம் பலகைக்கு வந்தது. தான் கட்டிய ஒரு பாலத்தைப் பற்றி எழுதியிருந்தார். வகுப்பில் பாலம் கட்டியவர் வேறு யார்? பெயர் போடாததால் என்ன பயன்? அதே வகுப்பில் அவரிடம் முன்பு வேலை பார்த்த ஒரு இளைஞனும் இருந்தான். அவனே எழுந்து வந்து பிழையைத் திருத்தினான். நான் அவனைப் பாராட்டவும் செய்தேன்.

அடுத்த வகுப்பிலிருந்து அவர் வரவில்லை. வேலை நேரம் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து அதே இளைஞன்தான், மிகுந்த தயக்கத்தோடு, "அவர் இனி வர மாட்டார் டீச்சர், என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்படுகிறார்" என்றான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல், நான் செய்தது தவறு என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தீர்கள்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். புரியாதபோதும் ஏன் புரிந்தது என்று சொன்னார் என்று கேட்டேன். "சொல்லிக்கொடுப்பவரிடம் புரியவில்லை என்றால், நீங்கள் சரியாகச் சொல்லவில்லை என்று குற்றம் சொன்ன மாதிரி ஆகிவிடும் இல்லையா?" என்றார். இத்தனை மாதமும் அவர் சொன்ன 'புரிந்தது' எனக்குக் கொடுத்த மரியாதை. அதை நான் பாடம் புரிந்ததற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு ஆளை வைத்து ஒரு பண்பாட்டையே எடை போடுகிறாய்" என்று யாராவது சொல்லக்கூடும். அப்படிச் செய்யவில்லை. அவர் ஊர்க்காரர் இன்னொருவர் நடு வகுப்பில் என்னை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்பார். ஊரை வைத்து ஆளை முடிவு செய்ய முடியாது என்பதற்கு அவர்கள் இருவருமே போதும். இன்னொரு பக்கம், "பெரியவர்கள்தானே, விமர்சனத்தைத் தாங்கட்டும், எல்லாரையும் பொத்திப் பொத்தி வைக்க முடியுமா?" என்றும் சிலர் கேட்பார்கள். பிழையைத் திருத்த வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. யார் முன்னால் திருத்துகிறோம் என்பதைப் பற்றித்தான் பேசுகிறேன். நாற்பது வருடம் ஒரு தொழிலில் பெயர் எடுத்தவர் எழுத்தில் மட்டும் தொடக்க நிலையில் உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சங்கடம் குழந்தைக்குக் கிடையாது.

1998-ல் அமெரிக்காவில் மெலனி டெர்வலான், ஜான் மர்ரே-கார்சியா என்ற இரண்டு மருத்துவர்கள் மருத்துவக் கல்வியைப் பற்றி எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. பிற பண்பாட்டை ஒரு பாடம்போலப் படித்துத் தேர்ச்சி பெற்றுவிடலாம் என்பதை அவர்கள் ஏற்கவில்லை. அதற்குப் பதிலாகப் 'பண்பாட்டுப் பணிவு' என்றார்கள். தன்னைத் தானே வாழ்நாள் முழுக்கச் சோதித்துக்கொள்வது, எதிரில் இருப்பவர் தன் வாழ்க்கையைப் பற்றி நம்மைவிட அதிகம் அறிந்தவர் என்று ஏற்றுக்கொள்வது. எழுதியது டாக்டர்களுக்கு, ஆனால் எனக்காகவே எழுதியது போல இருந்தது. பொதுவில் திருத்துவது நல்லது என்ற நம்பிக்கை நான் படித்த வகுப்பறையிலிருந்து எனக்கு வந்தது. அதுவும் ஒரு பண்பாடுதான் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் சிலவற்றை மாற்றினேன். "புரிந்ததா?" என்ற கேள்வியையே விட்டுவிட்டேன். "இதை வீட்டில் ஒருவருக்குச் சொல்ல வேண்டுமானால் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்கிறேன், புரியாத இடம் தானாகத் தெரிந்துவிடும். கேள்வி கேட்ட பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுகிறேன். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தால் பதில்கள் நீளமாகின்றன, பேசாதவர்களும் பேசத் தொடங்குகிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ பள்ளிக் குழந்தைகளின் அறிவியல் வகுப்புகளில் கண்டறிந்தார். தாய்மொழியில் யோசித்து இன்னொரு மொழியில் பேச வேண்டிய பெரியவருக்கு மூன்று நொடி எப்படிப் போதும்?

பாடத்துக்கான சொற்களையும் அவர்களிடமே கேட்டு வாங்குகிறேன். பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே என்ற கல்வியாளர் 1963-ல் அங்கிகோஸ் என்ற ஊரில் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுத்தர முனைந்தபோது, அவர்கள் வாழ்க்கையில் புழங்கும் சொற்களிலிருந்துதான் தொடங்கினார். செங்கல், சாரம், கலவை என்று எழுதத் தொடங்கிய நாளில் என் வகுப்பிலும் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கேள்விக்கு நேரடித் தொடர்பு இல்லை, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். எங்களுக்குத் தரும் அறை பகலில் சிறு குழந்தைகள் படிக்கும் அறை. முழங்கால் இடிக்கும் பெஞ்சில் பேரன் பேத்தி எடுத்தவர்கள் இரண்டு மணி நேரம் உட்காருகிறார்கள். பெரிய நாற்காலி கேட்டு நான்கு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். வருகைப் பதிவில் தலை எண்ணிக்கை குறைந்தால் மட்டும் உடனே விளக்கம் கேட்கிறார்கள். பாடம் எடுக்கும் மணிக்கு மட்டும்தான் சம்பளம். வராதவரைக் கூப்பிட்டுப் பேசும் நேரம் யார் கணக்கிலும் இல்லை. பண்பாட்டுப் பயிற்சி என்று ஒரு நாள் உட்கார வைத்துச் சான்றிதழ் தருகிறவர்கள், அந்த நாற்காலியை வாங்கித் தரட்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் வாரத்தில் ஒவ்வொருவரோடும் ஐந்து நிமிடம் தனியாகப் பேசுங்கள். எப்படிக் கூப்பிட வேண்டும், முன்பு படித்த இடத்தில் ஆசிரியர் எப்படி இருந்தார், தவறை எப்படித் திருத்தினால் வசதி என்று கேளுங்கள். குடும்பத்தைப் பற்றி அவராகச் சொல்லாதவரை நீங்கள் கேட்காதீர்கள். போரில் வீட்டாரை இழந்து வந்தவருக்கு 'உங்கள் குடும்பத்தைப் பற்றி எழுதுக' என்ற பயிற்சி என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள்.

மேஸ்திரி அடுத்த பருவத்தில் திரும்பி வந்தார். அந்த ஐந்து நிமிடப் பேச்சில் அவர் கேட்டது ஒன்றுதான். "பலகையில் வேண்டாம் டீச்சர். தாளிலேயே, பென்சிலால் திருத்துங்கள். நான் அழித்துவிட்டுச் சரியாக எழுதிக்கொள்கிறேன்."